ரெண்டு இன்ச் ஸ்னோ

ஜனவரி, செவ்வாய் இரவு.

காலையில் டெக்சாஸிலிருந்து தங்கையின் கணவர் குமரன் அழைத்தார். அங்கே பனி விழுவதே அபூர்வம்.

"மச்சான், ரோட்டெல்லாம் ஐஸ். அது உருக உப்பும் போடேல்லை. வேலைக்குப் போகலாமோ?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "ரெண்டு இன்ச் ஸ்னோவுக்கே பயப்படுறீர்? நாங்கள் இஞ்ச கனடாவில ஒவ்வொரு நாளும் உதுக்குள்ளதான் ஓடுறம். மெல்லமாப் போம்."

உண்மையில் நான் இன்று மார்க்கம் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஸ்னோ கொட்டுகிறது என்று வீட்டிலிருந்தே வேலை செய்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மத்தியானம் தங்கை அழைத்தாள். பாலத்தில் கார் வழுக்கிச் சுவரில் மோதியிருக்கிறது. குமரனுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, நாளை சத்திரசிகிச்சை. தானாகவே யோசித்துப் புறப்பட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். என்னோடு பேசியதை மறைத்துவிட்டார்.

"இவர் வெளிக்கிட முதல் உங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் மறிச்சிருப்பியள் என்ன, அண்ணா?" என்று அழுதாள்.

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகும் தங்கையும் நானும் மூன்று தடவை பேசிவிட்டோம். நான் இன்னும் சொல்லவில்லை.