மருமகளின் முகம்

எம்ஸிம்பா,
ஜூலை 19

அன்பு மகன் லுசுங்குவுக்கு,

நீ சுகமாக எழுந்திருந்தால் நானும் சுகமாக எழுந்திருக்கிறேன். உன் மனைவி திவோங்கேயும் மகளும் உயிரோடு வீட்டில் இருக்கிறார்கள், அதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் பயப்படாமல் படி. கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், கவலைப்படாதே என்று போனில் சொன்னது பாதிதான். வீட்டில் இருக்கிற ஒரே போன் திவோங்கேயிடம் இருக்கிறது, அவள் காதுபட மற்றப் பாதியைச் சொல்ல முடியாது, அடுத்தவர் போனை வாங்கி அதில் அழவும் எனக்கு வெட்கம். பக்கத்து வீட்டு நியாகோண்ட்வேயின் மகன் நாளைக்கு நீ இருக்கிற ஜோகன்னஸ்பர்க்குக்கு பஸ் ஏறுகிறான், அதனால் அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அம்மா போன பிறகு இந்த முற்றத்தில் மிஞ்சியது நானும் திவோங்கேயும்தான். மாமனாரும் மருமகளும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருந்தோம், ஊரில் ஒருவர் ஒரு குறை சொல்ல முடியாது. அவள் முழங்காலிட்டுத் தட்டை என் வாசலில் வைப்பாள், துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள், நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நியாகோண்ட்வே நடுவில் நின்று சொல்வாள். நாள் முழுக்க நான் பேசுவது மாடுகளோடு, அவள் யாரோடு பேசினாளோ தெரியாது. அறுவடைக்கு நியாகோண்ட்வே தன் மகள் ஊருக்குப் போகும்போது, "அண்ணே, ஒங்க மருமவ எட்டாம் மாசத்துக்கு முந்தியே ஆஸ்பத்திரிப் பக்கத்துல கர்ப்பிணிங்க தங்குற வீட்டுக்குப் போயிரணும்னு நர்சம்மா சொல்லிச்சாம், ஒங்ககிட்ட கேக்கச் சொன்னா" என்றாள். சோளம் வீடு வந்து சேரட்டும், பார்க்கலாம் என்றேன். நியாகோண்ட்வே போய் மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் திவோங்கேக்குத் தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் வீங்கியிருக்கிறது. யாரிடம் சொல்வாள்? உனக்குப் போனில் சொன்னால் அவ்வளவு தூரத்தில் தவிப்பாய் என்று விட்டிருப்பாள். முகத்தைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும், நான் மரியாதை என்று பார்க்கவில்லை மகனே. களி கட்டி தட்டி வந்தது, உப்பில்லாமல் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அவள் காதில் விழட்டும் என்று கோழிகளைக் கூப்பிட்டு, "வாங்க, நீங்களாவது தின்னு பாருங்க, இது மனுசன் தொண்டையில எறங்கல" என்றேன். கண் சரியாகத் தெரியாமல் கிண்டியிருக்கிறாள்.

ஒரு நாள் காலை உரல் பக்கம் தொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் விழுந்து கிடக்கிறாள், கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. இதை உன்னிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. நான் உடனே தொடவில்லை. மருமகளை எப்படித் தொடுவது என்று வேலியோரம் ஓடிப் பெண்களைக் கூப்பிட்டேன், எல்லாரும் காட்டில். திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். அப்புறம்தான் அவளைத் தூக்கி மாட்டு வண்டியில் போட்டேன். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன், ஊறின ரொட்டி மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள், ஒரு கிலோ முந்நூறு கிராம். திவோங்கேக்கு நாலு நாள் நினைவில்லை. லோங்வே என்று ஒரு நர்ஸ், உன் வயதுதான் இருக்கும், என்னை நிற்க வைத்து, "மூஞ்சி இப்பிடி வீங்கிக் கெடக்கு, ஒரே வீட்டு ஆளு நீங்க, ஒங்க கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டாள். குறைமாதப் பிள்ளையை வைக்க அங்கே இருக்கிற சூட்டுப் பெட்டி, கரண்ட் போனால் வெறும் பெட்டிதான். "சட்டையக் கழட்டுங்க தாத்தா, இனிமே நீங்கதான் பெட்டி" என்று பிள்ளையை என் நெஞ்சோடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பெண்கள் வார்டில் நான் எப்படி உட்காருவது, தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்து சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் சுற்றி நின்று, "ஏண்டி, தாத்தாவுக்குப் பால் சுரக்குதா பாருங்கடி" என்று சிரித்தார்கள். அதில் வயதான ஒருத்தி மட்டும், "சும்மா இருங்கடி, பெஞ்சாதியோட படுக்குற ஆளு கொறமாசப் புள்ளயத் தொடக் கூடாது, தனியாக் கெடக்குற மனுசன்தான் அதுக்கு ஆகும்" என்றாள். இரண்டு வருஷமாகப் பாதிக் கட்டில் காலியாகக் கிடப்பது அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு ஆனது.

பத்து நாள் அப்படியே சாய்ந்து இருந்தேன். மூக்கில் குழாய் வைத்துப் பால் விடுவார்கள், பிள்ளை சில சமயம் மூச்சை மறந்துவிடும், முதுகைத் தடவி ஞாபகப்படுத்த வேண்டும். உன் அம்மாவுக்குப் பிறகு என் மேல் சாய்ந்து தூங்கின உயிர் அது ஒன்றுதான், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. பதினோராம் நாள் திவோங்கே எழுந்து உட்கார்ந்தாள், நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பிள்ளையைக் கொண்டுபோய் அவள் நெஞ்சில் கட்டிவிட்டாள். அதுதான் சரி, பிள்ளை பெற்றவளுடையது. நான் சட்டையை மாட்டிப் பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டேன், ஆனாலும் குளிர் நிற்கவில்லை. இப்போது ஒரு கிலோ தொள்ளாயிரம் என்கிறார்கள், பாலும் தானே குடிக்கிறாள். பெயர் நீ வைக்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

வீடு வந்து ஐந்து நாள் ஆகிறது. அவள் பக்கத்துக் கதவு சாத்தியிருக்கிறது, பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும், நான் போக முடியாது. அது கிடக்கட்டும், விஷயம் இனிமேல்தான். அவளுக்கு இழுப்பு வந்ததே ரத்த அழுத்தம் ஏறினதால்தானாம், அது ஆறு வாரம் வரைக்கும் மறுபடி ஏறலாமாம், தலைவலியோ முக வீக்கமோ கண்டால் ஒரு நிமிஷம் நிற்காமல் தூக்கி வரச் சொல்லி நர்ஸ் அனுப்பினாள். நான் வழக்கத்தை விட்டுவிட்டு தினமும் காலையில் நேராகவே, "தலவலி இருக்காம்மா?" என்று கேட்கிறேன். முகத்தை மூடிக்கொண்டு முழங்காலிட்டு, "சொகந்தான் மாமா" என்கிறாள். அந்த மூன்று வாரத்தில் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். முகத்தைக் காட்டச் சொல்லி நியாகோண்ட்வேயை அனுப்பினேன், அழுதுவிட்டாளாம். "அவரு சொல்லாம நான் எப்பிடி மாமா முன்னால மொகத்தத் தொறக்குறது, வளத்த லட்சணம்னு எங்கம்மாவத்தான் ஏசுவாங்க" என்றாளாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நல்ல பெண் என்பதால்தான் இந்தப் பிடிவாதம். இப்போதைக்கு நியாகோண்ட்வே வந்து பார்த்துச் சொல்கிறாள், மாதக் கடைசியில் அவளும் மறுபடி மகள் ஊருக்குப் போய்விடுவாள், பிறகு இங்கே நாங்கள் இரண்டு பேரும்தான்.

வேலை செய்யும் இடத்தில் கவனமாக இரு, குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, எனக்கு எழுது, கோபத்தை அவளிடம் காட்டாதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ போன வழியிலேயே முழுசாகத் திரும்பி வர வேண்டும். இது கிடைத்த அன்றே அவளுக்குப் போன் போட்டு, மாமா முன்னால் முகத்தைத் திறந்து நில் என்று நீ ஒரு வார்த்தை சொல்லு, மறந்துவிடாதே. எனக்குத் தெரிந்தது அவளுடைய வீங்கின முகம் ஒன்றுதான். வீங்காத முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே மகனே, மறுபடி வீங்கினால் எனக்குத் தெரியும்.

உன் அப்பா,
யோத்தாமு கும்வெண்டா