இரண்டு விரல் இடைவெளி

நெடுந்தீவு கிழக்கு,
04.09.2023

அன்பின் அக்காவுக்கு,

நீங்கள் யாழ்ப்பாணம் படிக்கப் போட் ஏறும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா போனில எப்பவும் எல்லாம் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவா. நீர்தான் எனக்கு உள்ளதை எழுதவேணும்" என்றீர்கள். ஆகவே இன்று முதல் இங்கே நடப்பது எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். துக்கமானதையும் எழுதுவேன். என்னுடைய பிழைகளையும் எழுதுவேன்.

முதலாவது உண்மை, மழை இல்லை. எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. பௌசர் லொறியில் தண்ணீர் வருகிற நாளில் மட்டும் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அம்மா அரிசி கழுவிய தண்ணீரில் சட்டி பானை கழுவி, அதையும் முருங்கைக்கு ஊற்றுகிறார்.

அடுத்தது, குதிரைகள் சாகின்றன. தெற்கு வெளிக் குளத்தில் இப்போது சேறு மட்டும்தான். தண்ணீர் தேடி நடுவுக்குப் போகிற காட்டு மட்டக்குதிரைகள் முழங்கால் புதைந்து எழும்ப முடியாமல் நின்றுவிடுகின்றன. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒன்று சேற்றில் சாய்ந்தபடி செத்துக் கிடந்தது. அதன் குட்டி கரையில் நின்றது. காகங்கள் தாயின் கண்ணைக் கொத்தியபோதெல்லாம் குட்டி தன் தலையை உதறியது, தன்னையே கொத்துகிறமாதிரி.

நான் நடந்தேன். அது பின்னால் வந்தது. நான் கூப்பிடவில்லை. ஆனால் எங்கள் வாசலில் திரும்பிப் பார்த்து "வா" என்று சொன்னேன். அதையும் எழுதத்தானே வேண்டும்.

"எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் காணாதெண்டு மூண்டாவதையும் கூட்டிக்கொண்டு வந்திட்டீரோ?" என்று அப்பா கேட்டார்.

"பௌசர்க்காரனிட்டை இதுக்கும் ஒரு வாளி கேளுங்கோ" என்றார் அம்மா.

அப்படிச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பசுவின் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து சோடாப் போத்தலில் விட்டுச் சூப்பி மாட்டித் தந்ததும் அம்மாதான்.

அடுத்த நாள் வனசீவராசி அலுவலகத்து அன்ரனிதாஸ் சேர் சைக்கிளில் வந்தார். "பிள்ளை, இது வீட்டுச் சீவன் இல்லை. வெளியில ஒரு தொட்டிக்குத் தண்ணி விட்டுட்டு விலகி நில்லும், அது காணும். கையால குடுத்துப் பழக்கினால் பிறகு இது குதிரையுமில்லை, மாடுமில்லை" என்றார்.

"தாயில்லாமல் செத்துப்போமே சேர்?"

"சிலவேளை சாகும்."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஒரு புதுத் தொல்லை. பௌசர்த் தொட்டிக்கு வருகிற குதிரைகளுக்குப் பக்கத்து வளவு இளையதம்பி அண்ணை கல்லால் எறிகிறார். நேற்று எங்கள் குட்டிக்கும் விலாவில் விழுந்தது. நான் கத்தினேன். அவர் சொன்னார்: "ஆரின்ரை எண்டு எனக்கென்னண்டு தெரியும்? கழுத்தில கயிறு கிடந்தால் ஒருத்தன்ரை சொத்தெண்டு கையை மடக்குவன். கயிறில்லாததுக்கு ஆர் பொறுப்பு? என்ரை பிள்ளையள் குடிக்கிற தண்ணியெல்லே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும் அக்கா?

உங்கள் தங்கை,
பிரியவதனி

•

மாணவியர் விடுதி, யாழ்ப்பாணம்,
12.09.2023

அன்பின் தங்கைக்கு,

உமது கடிதத்தை அறைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். காகம் வந்த இடத்தில் ஒருத்தி எழும்பி வெளியே போய்விட்டாள். இங்கே எங்களுக்குப் பெரிய துன்பம் பருப்பில் உப்பில்லை என்பதுதான். வெட்கமாக இருந்தது.

அன்ரனிதாஸ் சேர் சொன்னது புத்தகப்படி சரி. எங்கள் உயிரியல் ஆசிரியையும் அப்படித்தான் சொல்லுவார். ஆனால் புத்தகம் எழுதினவரின் வாசலில் குட்டி வந்து நிற்கவில்லையே. பால் கொடும். பெயர் மட்டும் வைக்காதீர். மழை விழுந்ததும் அது தன்பாட்டில் போகவேண்டும். பெயர் வைத்ததை விட ஏலாது.

கல்லெறிக்கு வழியை இளையதம்பி அண்ணை தன் வாயாலேயே சொல்லிவிட்டார். கயிறு கட்டும். வீட்டுக் கோடிப்புறத்தில் நீல நைலோன் கயிறு கிடக்கிறது, அது வெயிலுக்கும் மழைக்கும் உக்காது. மாட்டுக்குப் போடுகிற சுருக்கு வேண்டாம், இழுபட்டால் இறுகும். அசையாத முடிச்சாகப் போடும். கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் உமது இரண்டு விரல் போகவேண்டும். நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லும்.

தை மாதம் சோதனை. இரவில் கண் எரிய எரியப் படிக்கிறேன். எனக்கு வருகிற ஒரே நல்ல காற்று உமது கடிதம்தான். விடாமல் எழுதும்.

அக்கா,
தர்சனா

•

நெடுந்தீவு,
02.10.2023

அன்பின் அக்காவுக்கு,

கட்டிவிட்டேன். இரண்டு விரலும் தாராளமாகப் போயின. மூன்றாவது விரலும் போகப்பார்த்தது. அப்பா வந்து முடிச்சை இழுத்துப் பார்த்து, "யானை இழுத்தாலும் அவிழாது. ஆரிட்டைப் படிச்சனீர்?" என்றார். "அக்காவிட்டை" என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

நீங்கள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. குட்டி தொட்டிக்குப் போனபோது இளையதம்பி அண்ணை கல்லை எடுத்தார், நீலக் கயிற்றைக் கண்டார், கல்லைக் கீழே போட்டார். "ஓம், இப்ப இது அம்பலவாணற்றை குதிரை" என்று அப்பாவின் பெயரைச் சொல்லி, தன் வாளியில் மிஞ்சியிருந்ததையும் அதற்கு ஊற்றினார். அம்மா அதைக் கேட்டு, "கயிறில்லாமல் திரியிற மனுசருக்கும் ஒண்டு கட்டிவிட்டால் நல்லது" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

அது இப்போது அம்மா சமைக்கிற குசினி வாசலில் படுக்கிறது. பெயர் வைக்கவில்லை. மனதுக்குள்ளும் வைக்கவில்லை. (ஒருநாள் வைத்தேன். அடுத்தநாள் எடுத்துவிட்டேன்.)

பிரியவதனி

•

நெடுந்தீவு,
26.11.2023

அன்பின் அக்காவுக்கு,

மழை! குளங்கள் நிரம்பிவிட்டன. வெளியெல்லாம் புல். குட்டி போய்விட்டது.

நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன். குதிரைக் கூட்டம் எங்கள் பனங்காணிப் பக்கமாக வந்தபோது இது ஓடிப்போய் நடுவில் நின்றது. ஒரு பெட்டைக்குதிரை அதன் கழுத்தை மணந்து பார்த்தது, கடிக்கவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து மேற்கே போயின. நான் கல்வேலிக்குப் பின்னால் நின்றேன். இந்தமுறை கூப்பிடவில்லை. வெகுதூரம் போனபிறகும் அந்த நீலம் தெரிந்தது.

பிரியவதனி

•

யாழ்ப்பாணம்,
10.12.2023

என் கெட்டிக்காரத் தங்கைக்கு,

செத்துப்போக இருந்த ஒன்றை அதன் இனத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர். அன்ரனிதாஸ் சேரைக் கண்டால் என்னுடைய வணக்கத்தையும் சொல்லும், கொஞ்சம் பெருமையோடு சொல்லும்.

எனக்குச் சோதனையை நினைத்தால் படித்ததெல்லாம் கரைந்து போனமாதிரி இருக்கிறது. மண்டபத்தில் பயம் வந்தால் கண்ணை மூடி, அது நீலக் கயிற்றோடு வெளியில் ஓடுவதை நினைக்கப்போகிறேன். ஒரு காரியமாவது நான் சரியாகச் செய்திருக்கிறேன் என்று இருக்கும்.

தர்சனா

•

நெடுந்தீவு,
07.01.2024

அன்பின் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாடுகளும் சுகம். மழை போதும். குட்டியும் சுகமாக இருக்கிறது. எங்களை யோசிக்காமல் சோதனையை எழுதுங்கள்.

பிரியவதனி

•

யாழ்ப்பாணம்,
16.01.2024

பிரியவதனிக்கு,

அரிசி கழுவின தண்ணீருக்கே அரைப்பக்கம் எழுதுகிற ஆள் நீர். குட்டிக்கு ஒரே ஒரு வரியா? அதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் போன் குரல்தான் கேட்டது.

போனில் அம்மாவிடம் கேட்டேன். "குதிரையை விட்டிட்டு நீர் படியும் பிள்ளை" என்றார். உம்மிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். நீர் குளிக்கிறீராம். பின்னால் நீர் இருமினது எனக்குக் கேட்டது.

என்ன நடந்தது? சோதனைக்குப் பயந்து என்னிடம் மறைக்கவேண்டாம். தெரியாமல் இருப்பதுதான் என்னைப் படிக்கவிடாமல் செய்கிறது. இன்னொரு தடவை பொய் எழுதினால் இனி உமது கடிதங்களை நான் திறக்கமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தர்சனா

•

நெடுந்தீவு,
25.01.2024

அன்பின் அக்காவுக்கு,

ஓம், அது பொய். அம்மா பக்கத்தில் நின்று சொல்லித்தந்தார் என்று எழுதித் தப்பலாம். ஆனால் பேனை என் கையில்தான் இருந்தது. காற்றினால் போட் ஓடவில்லை. இது உங்களுக்குக் கிடைக்கிறபோது கடைசிப் பாடச் சோதனையும் முடிந்திருக்கும், அதனால் எழுதட்டும் என்று அம்மா இன்று விட்டுவிட்டார்.

ஆங்கில வருடப்பிறப்பன்று மேற்கு வெளியில் அதைக் கண்டேன். உயர்ந்து, தடித்து, நல்ல அழகாக இருந்தது. நீலத்தைத் தேடினேன், காணவில்லை. கயிறு விழுந்துவிட்டது என்று சந்தோசப்பட்டுக் கிட்டப் போனேன். முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. மிச்சக் கயிறு கழுத்துக்குள் போயிருந்தது. இரண்டு விரல் போன இடத்தில் ஊசியும் போகாது. ஈ மொய்த்தது.

பழைய பால் போத்தலை எடுத்துவந்து காட்டினேன். அது என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டைக்குதிரைகளுக்கு நடுவில் போய்விட்டது. நாங்கள் ஆசைப்பட்டபடியே அது காட்டுக்குதிரை ஆகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் விறாந்தையில் அப்படியே இருந்துவிட்டார். "கண்டுக்குட்டிக்குக் கயிறு போட்டால் வளர வளர அவிழ்த்துக் கட்டுவம். அது பின்னேரம் வீட்டை வரும், கட்டலாம். இது வராதெண்டு எங்களில ஒருத்தருக்கும் யோசினை வரேல்லையே" என்றார். அவர் அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தவர். அதை நான் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

அன்ரனிதாஸ் சேர் உடனே மிருக வைத்தியருக்கு அறிவித்தார். மயக்க ஊசி போட்டு வெட்டி எடுக்கலாமாம். வைத்தியரும் வர ஆயத்தம். கடல்தான் விடவில்லை. இடையில் ஓரிரு தரம் ஓடின சின்னப் போட்டிலும் தபால்பையை மட்டும்தான் ஏற்றினார்கள். "ஒருத்தரும் துரத்தாதேங்கோ. பொறுக்கத்தான் வேணும்" என்று சேர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாங்கள் பொங்கல்வரை பொறுத்தோம். பிறகும் பொறுத்தோம். கூட்டம் எங்கள் வேலியோரமாகப் போனால் காயத்தின் மணம் குசினிக்குள் வரும். நான் சாப்பிடாமல் கிடந்து அழுதேன். நான் அழுததால்தான் அப்பா நேற்று, "சரி, எழும்பும் பிள்ளை. பிடிப்பம்" என்றார். இதை நீங்கள் கட்டாயம் அறியவேண்டும்.

பின்வளவில் தண்ணீர் வைத்துக் கூட்டத்தை உள்ளே வரவிட்டோம். இளையதம்பி அண்ணை பழைய மீன்வலையோடு வந்தார். "நான்தானே முதல்ல கயிறு கேட்டவன்" என்றார். வலையைக் கண்டதும் மற்றக் குதிரைகள் வெளியே பாய்ந்துவிட்டன. குட்டி மட்டும் மூலையில் அகப்பட்டது. அப்பா மெல்ல மெல்லக் கிட்டப் போனார். அது கல்வேலிக்கு மேலால் பாய்ந்தது. உங்களுக்குத் தெரியும்தானே, அந்த வேலி சும்மா அடுக்கின கல்தான். கல் சரிந்து முன்னங்கால் நடுவில் மாட்டியது. பச்சைப் பனைமட்டையை முறிக்கிற சத்தம் கேட்டது.

விழுந்து கிடந்தபோது இளையதம்பி அண்ணை அதன் தலையை அழுத்திப் பிடித்தார். அப்பா கத்தியால் கயிற்றை அறுத்து இழுத்தார். சதையோடு வந்தது. அக்கா, கயிறு போய்விட்டது. நாங்கள் கேட்டது அதைத்தானே.

அன்ரனிதாஸ் சேர் வந்து பார்த்தார். ஏசவில்லை. அப்பா, "சேர், ஏதாவது சொல்லுங்கோ" என்றார். "என்னத்தைச் சொல்ல, அண்ணை" என்றுவிட்டுக் காலைப் பார்த்தார். கடல் அடங்கி வைத்தியர் வந்தாலும் இனிப் போடுகிற ஊசி வேறு ஊசியாம். அதுவரை ஒருவரும் கிட்டப் போகக்கூடாதாம்.

நான் போனேன். இன்று பொழுதுபட்டபிறகு ஒரு கிண்ணம் தண்ணீரும் ரோச் லைற்றும் கொண்டு போனேன். வெளிச்சம் பட்டதும் அது என்னைக் கண்டது. முறிந்த காலை ஊன்றி எழும்பப் பார்த்தது, விழுந்தது. திரும்பவும் எழும்பியது, விழுந்தது. என்னிடம் வருவதற்கா, என்னிடமிருந்து ஓடுவதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

கயிறு சொன்னது நீங்கள், கட்டினது நான், அழுததும் நான். பங்கு பிரித்துப் பார்த்தேன், ஒருவருடைய பங்கும் குறையவில்லை. மண்டபத்தில் நீங்கள் நினைத்துக்கொண்ட குதிரை இதுதான். இதை வாசித்தபின் என் கடிதங்களைத் திறக்காவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். திறந்தால், இனி இதில் உள்ளதுதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஆராவது நடமாடினாலே வேலிக்கு அப்பால் கல் உருளுகிற சத்தம் கேட்கிறது. யன்னலில் வெளிச்சம் அசைகிறபோதெல்லாம் அது எழும்பப் பார்க்கிறது என்று அப்பா கண்டுபிடித்தார். குசினி விளக்கை அணைத்தார். விறாந்தை விளக்கை அணைத்தார். இளையதம்பி அண்ணைக்கும் சொல்லி அனுப்பினார், அங்கேயும் இருட்டாகிவிட்டது. அம்மா இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் கையை விளக்குச் சுவிச்சில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கையெழுத்தைப் போட்டுவிடும் பிள்ளை என்கிறார்.

உங்கள் தங்கை,
பிரியவதனி

இந்த வரி கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டோம்.