வீரன் அல்வாறுவின் மனைவி

1987 ஏப்ரல் 21, செவ்வாய்

கூத்துக்கு முன்னுரை எழுதும் வேலை என் தலையில். "படிச்ச பிள்ளை நீர்தானே" என்றார் கூத்துப் பழக்குகிற இராஜதுரை அண்ணாவியார். வீரன் அல்வாறு யார், அவன் கதை எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம், தமிழிலும் பிரெஞ்சிலும். மண்டபம் தருகிற பங்குத் தந்தைக்குப் பிரெஞ்சில் வேண்டுமாம்.

அல்வாறுவாக ஆடுவது லோறன்ஸ். என் புருஷன். போன கோடையிலிருந்து நகரத்துக்கு வெளியே, சார்செலில், இன்னொருத்தியோடு இருக்கிறார். எங்கள் சனம் கடை வைத்திருக்கிற லா சப்பலில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மே 2, சனி

பகல் முழுவதும் நூலகம். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுப் பாட்டில், அல்வாறு போருக்குப் போன ஊரிலேயே வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். பாடியவன் மறைக்கவில்லை. மனைவி கோட்டை வாசலில் நின்று அவனைப் பேர் சொல்லித் திட்டுகிறாள், பக்கம் பக்கமாக. பிறகு வந்த கதையில் ஒரு சூனியக்காரி வசிய மருந்து கொடுத்துவிடுகிறாள் — அவன் என்ன செய்வான், பாவம்! எங்கள் கூத்தில் அவன் கிறிஸ்து வேதத்துக்காகப் போர் செய்தவன். மனைவி காத்திருந்து அழுகிறாள், அவ்வளவுதான். கடைசியாக இந்தக் காலத்து நாவல். அதில் அவன் இளகிய மனசுக்காரன், தனிமையில் வாடியவன். மனைவிக்குத்தான் அவனை விளங்கவில்லையாம்.

பாதியில் மூடிவிட்டேன்.

மே 9, சனி

ஒத்திகை. அல்வாறு திரும்பி வரும் கட்டத்தில் ஆடுபவருக்கு மாலை போட வேண்டும்.

"மனிசிதான் போடுறது முறை, பிள்ளை" என்றார் அண்ணாவியார்.

"அண்ணை, அவர் வீட்டை வாறதில்லை."

"அது வீட்டுக் கதை. இது மேடை. சனம் பாக்கும்."

சனம் பாக்குமாம். இவ்வளவு நாளும் என்னத்தைப் பாத்தது இந்தச் சனம்? மாலை போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடும். போடாவிட்டால் கூத்தைக் கெடுத்தவள் நான்.

மனைவி வேஷம் அம்புறோஸுக்கு. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். "மீசை எடுத்திட்டன், சிரிக்காதேங்கோ அக்கா. முதலாளி கேட்டான், கலியாணமோ எண்டு. ஓம், நான்தான் பொம்பிளை எண்டன்."

கட்டுவதற்குச் சேலை கேட்டான். என் கூறைச் சேலையைக் கொடுத்தேன். எனக்கு இனி எதற்கு?

மே 14

முன்னுரையில் கோட்டை வாசல் பகுதியை வெட்டச் சொன்னார் அண்ணாவியார். வெட்டினேன்.

மே 16, சனி

கூத்து இன்று. அல்வாறு திரும்பி வரும் கட்டத்தில் மாலையோடு மேடையேறினேன். லோறன்ஸ் கிரீடம் சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து கழுத்தைத் தந்தார். அவ்வளவு நம்பிக்கை! பக்கத்தில் என் கூறையில் அம்புறோஸ். அழுது பாடி, கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது.

அவனுக்குப் போட்டேன்.

மத்தளம் நின்றுவிட்டது. "அக்கா, ஆள் மாறிப்போச்சு" என்று கிசுகிசுத்தான்.

"இல்லை" என்றேன்.

மே 17

லோறன்ஸ் தொலைபேசியில்: "சனத்துக்கு முன்னாலை என்னை அவமானப்படுத்திப் போட்டாய்." ரிசீவரை வைத்துவிட்டேன்.

பின்னேரம் அம்புறோஸ் சேலையை மடித்துக் கொண்டுவந்தான். "ஊரிலையும் இஞ்சையும் இதே வேஷம்தான் கட்டுறன், அக்கா. ஒருத்தரும் எனக்கு மாலை போட்டதில்லை."

மே 24, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது, மாதா கோயில் வாசலில், கூத்துப் பார்க்க வந்திருந்த இம்மாகுலேற் என் கையைப் பிடித்தாள். "மேடை வெளிச்சத்திலை கண் கூசிப்போட்டுது, என்ன? அதுதான் உமக்கு ஆள் தெரியேல்லை."

நான் படியிறங்கிய பிறகு, பின்னால் வேறொரு குரல்: "லோறன்ஸ் அண்ணை அழுதவராம். இளகின மனசு. தனிச்சுப் போனார், பாவம். மனிசிக்குத்தான் அவரை விளங்கேல்லை."

அல்வாறு இவ்வளவு தூரம் வர எழுநூறு வருஷம் எடுத்தது. லோறன்ஸுக்கு ஒரு கிழமை.