கண்ணை மூடி வாசிப்பவள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். அவர் கோபத்தில் உடனே அப்பாவுக்குப் போன் போட்டுத் திட்டுவார். அப்புறம் இங்கே என் கதி என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். என் அறையில் பல்பு இல்லை. "குருடிக்கு எதுக்குடி லைட்டு?" என்று அப்பா கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் பக்கம் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பயந்துவிடாதே. எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. அதுதான் இப்போது பிரச்சினை.

நீ அத்தானோடு போன பிறகு அப்பா எனக்கு வெப்சைட் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கச்சேரிக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்களாம். டிசைனர் மேடம் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நான் உள்ளே வயலின் சாதகம் செய்துகொண்டிருந்தேன். கூடத்தில் பேசியது எல்லாம் கேட்டது. சின்ன வயதிலிருந்து வாசிக்கிறாள், நன்றாக வாசிக்கிறாள் என்று அப்பா அடுக்கினார். "எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க. பார்த்ததும் மனசுல நிக்கிற மாதிரி இவளுக்குன்னு ஒண்ணு வேணும்" என்றார் மேடம். பிறகு என் படங்களைப் பார்த்தார் போல. "சார், தப்பா நினைக்காதீங்க, பாப்பாவுக்குக் கண்ணு...?" என்று இழுத்தார்.

நான் ஏன் கண்ணை மூடி வாசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும் அல்லவா? கண்ணைத் திறந்தால் எதிரே அப்பா முகம் தெரியும். சுருதி கொஞ்சம் விலகினால் அந்த முகம் எப்படி மாறும் என்று நீயும் பார்த்தவள்தானே. அதனால் எந்தப் படத்திலும் நான் கண்ணைத் திறந்திருக்க மாட்டேன்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். "பிறவியிலேயே மேடம்" என்றார்.

வெப்சைட் முழுக்கக் கறுப்பு. நடுவில் என் முகம் மட்டும். அதன் கீழே, "நான் இந்த உலகத்தைப் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன்" என்று நானே சொல்வது போல எழுதியிருக்கிறது. ஓரத்திலாவது கொஞ்சம் மஞ்சள் வைக்கச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "உனக்கு மஞ்சள்னா என்னன்னே தெரியாதேடி" என்றார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் வீடு மாற்றினோம். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தெருவில் எல்லோருக்கும் நான் குருடிதான். தினமும் பயிற்சி நடக்கிறது. அப்பா என் முகத்துக்கு நேரே கையை ஓங்குவார். நான் இமைக்கக் கூடாது. இமைத்தால் ஓங்கிய கை இறங்கும். "என்ன மகாராணி, கண்ணு தெரியுதோ?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பார். வெளியே சொன்னால் போலீஸ் முதலில் என்னைத்தான் பிடிக்குமாம், மேடையில் நடித்தது நான்தானாம். அது உண்மையா அக்கா?

டிசைனர் மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் என் தலையைத் தடவிப் பேசுவார். போன தடவை வந்தபோது அவருடைய பேனா மூடி கீழே உருண்டது. யோசிக்காமல் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் கையையே பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது, இனி நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை என்று. அவர் அப்பா பக்கம் திரும்பி, "சார், கையை நேரா நீட்டி எடுக்குறா. கொஞ்சம் தடவி எடுக்கச் சொல்லிக் குடுங்க, வீடியோல மாட்டிக்குவோம்" என்றார்.

அதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். வெப்சைட்டைப் பார்த்துவிட்டு ஒரு கண் டாக்டர் எழுதியிருக்கிறார். இலவசமாகப் பார்க்கிறாராம், முடிந்தால் ஆபரேஷனும் செய்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருகிறார். நல்ல மனிதர் போலிருக்கிறது. வேண்டாம் என்றால் சந்தேகம் வரும் என்று மேடம் சொல்லிவிட்டார். "வரட்டும். அதுக்குள்ள கண்ணைச் சரி பண்ணிடலாம்" என்றார் அப்பா. நேற்று ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தார். மேலே பெயர் ஒட்டவில்லை. ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்திருக்கிறது. "வலிக்குமா?" என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். "கொஞ்சம் எரியும். இவ என்ன கண்ணாலயா வாசிக்கிறா?" என்றார்.

என்றைக்குப் போடப்போகிறார்கள் என்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைப் பக்கம் போகப் பயமாக இருக்கிறது. தூங்கும்போது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.

இதை எப்படித் தபாலில் போடுவேன் என்று யோசிப்பாய். சாயங்காலம் வெள்ளைக் கோலோடு நடந்து பழக அம்மா என்னைக் கூட்டிப் போவாள். தெரு முனையில் தபால் பெட்டி இருக்கிறது. எதிரே வருவதை எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவே சொல்லிக் கொடுத்தது. நாளைக்குத் தபால் பெட்டியையும் தடவுவேன்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. கடிதம் வந்தது என்று சொல்லாதே. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல். காலில் விழச் சொன்னால் விழுந்துவிடு, எனக்காக. அக்கம்பக்கத்து ஆட்கள் இருந்தால் நான் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காக வருத்தப்படாதே.

குழந்தையைக் கட்டாயம் தூக்கிக்கொண்டு வா. உன் சாயலா அத்தான் சாயலா என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். போட்டோ போதாது. பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில், ஒரு தடவை

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். "குட்டி, என் செல்லம்ல, கதவைத் திறடா" என்கிறாள். அம்மா என்னை இப்படிக் கூப்பிட்டதே இல்