கூழைக்கடாவுக்குப் போடாத ஓட்டு

பிப்ரவரி 3
நான் ஆறு வருடமாகக் கணினியில் ஆடும் மிருகக்காட்சிசாலை விளையாட்டுக்கு, புது விலங்குகளைச் சேர்க்கும் தொகுப்பு இனி ஒன்றே ஒன்றுதானாம். கடைசி! எங்கள் ரசிகர் குழு ஓட்டெடுப்பு நடத்திப் பத்து விலங்குகளைச் சொன்னால், விளையாட்டைத் தயாரிப்பவர்கள் பத்தையும் செய்து தருவார்களாம். வழக்கம்போல ஆளுக்கு ஐந்து ஓட்டு. அனுப்பிய பட்டியலை மாற்றக் கூடாது. எண்ணுவது நான்.

எனக்குக் கூழைக்கடா வேண்டும். அது இல்லாமல் என்ன மிருகக்காட்சிசாலை?

பிப்ரவரி 5
பஸ் ஓட்டி முடித்து வந்ததும் பிரச்சாரம்தான். எங்கள் குழுவின் எறும்புதின்னி பக்தரான டெட்மாருக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன்.

"கூழைக்கடாதானே, வீப்கே? அது எப்படியும் வந்துரும். சும்மா கவலப்படாத."

எல்லோரும் இதையே சொல்கிறார்கள். வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது.

பிப்ரவரி 8
கடலணையைப் பராமரிப்பது என் கணவன் ஐக்கோவின் வேலை. அதைக் குடைந்து ஓட்டை போடும் நூட்ரியாக்கள் அவனுடைய ஜென்ம விரோதிகள். பூனைப் பருமன், ஆரஞ்சு நிறப் பல் – பெரிய நீரெலி என்று வைத்துக்கொள்ளலாம். இன்றும் சேறும் சகதியுமாக வந்தான். டீயில் கற்கண்டைப் போட்டுக்கொண்டே,

"உன் பட்டியல்ல அந்தத் திருட்டுப் பயலையும் சேத்துக்க. அங்கயாவது வேலிக்குள்ள கெடக்கட்டும்" என்றான்.

ஆறு வருடத்தில் இந்த விளையாட்டைப் பற்றி அவன் கேலி இல்லாமல் சொன்ன முதல் வார்த்தை! ஐந்தாவது ஓட்டைக் கூழைக்கடாவுக்குத்தான் வைத்திருந்தேன். அதுதான் எப்படியும் வந்துவிடுமே. நூட்ரியாவுக்குப் போட்டு அனுப்பிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 20
மூன்று முறை எண்ணினேன்.

பத்தாவது இடம் நூட்ரியா, 41. பதினொன்றாவது கூழைக்கடா, 40.

ஐயோ, ஒரே ஒரு ஓட்டு. என் ஓட்டு! என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்? எனக்குப் புத்தி எங்க போச்சு?

பட்டியல்கள் என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. என் பெயருக்கு நேரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், ஈ காக்காய்க்குத் தெரியாது. எழுந்து போய் ரொட்டி தின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். போன வருட ஓட்டெடுப்பில், அனுப்பிய பட்டியலை மாற்ற விடு என்று டெட்மார் கெஞ்சியபோது விதி விதிதான் என்று சட்டம் பேசியவள் நான்தானே?

உள்ளது உள்ளபடி முடிவை வெளியிட்டேன்.

பிப்ரவரி 21
குழுவில் என் கதையை ஒப்புக்கொண்டேன். முதலில் டெட்மார்: "நானும் போடல வீப்கே. எப்படியும் வந்துரும்னு இருந்துட்டேன்." மதியத்துக்குள் முப்பத்துநான்கு பேர் இதையே எழுதிவிட்டார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் நிஜமாகவே அழுதேன்.

ஜூன் 14
தொகுப்பு வந்துவிட்டது. திறந்து பார்க்க மனசில்லை.

ஜூன் 28
வேலை முடிந்து வந்தால் கணினி முன்னால் என் நாற்காலியில் ஐக்கோ! குளம் வெட்டி, கரை கட்டி, ஒன்பது நூட்ரியாக் குட்டிகளை வளர்த்துக்கொண்டிருக்கிறான்.

"மூஞ்சியத் தேய்க்கிற அழகப் பாரேன். கரையில மட்டும் கை வச்சானுங்க, தொலஞ்சானுங்க."

சமையலறையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உன் கூழைக்கடா ஒரு ஓட்டுல தோத்துச்சாமே? எந்த மடையன் இவனுங்களுக்குப் போட்டது?"

"உன் பொண்டாட்டிதான். நீ கேட்டியேன்னு."

அவன் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. பிறகு தாய் நூட்ரியாவைச் சொடுக்கி, பெயர் எழுதும் இடத்தில் 'வீப்கே' என்று தட்டினான்.