இரண்டு என்று சொன்ன நோவு

என்ர இஞ்சாருங்கோ,

உயிரோடு இருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

அந்த மிஸ்ஸை எனக்குத் தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை. கான்சர் ஆட்களை வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி என்றார்கள். கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டரில் சல்லிக்கு வருவா. கதிரையை உங்கள் கட்டிலோடு இழுத்துப் போட்டு, "ஐயா, நோவு எத்தினை? ஒண்டுமில்லையெண்டா பூச்சியம், தாங்க ஏலாட்டிப் பத்து" என்று கேட்பா. நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்பீர்கள். உடனே அவ என் பக்கம் திரும்புவா.

"அக்கா, ஒரு பிளேன்டீ ஊத்துங்களன்."

ஒவ்வொரு முறையும் முக்கால் கோப்பை மிச்சம். குடிக்காத ஆளுக்கு என்னத்துக்குத் தேத்தண்ணி? குசினிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். குசுகுசுப்பு மட்டும் கேட்டது. உங்களிடம் கேட்டால், "கடல் கதைதான்" என்றீர்கள். கடலில் கால் நனைக்காத மிஸ்ஸோடு என்ன கடல் கதை?

பிறகு டொக்டரோடு போனில் கதைத்து, நோவுக்குத் தருகிற தண்ணி மருந்தின் அளவைக் கூட்டுவா. இரண்டு என்கிற நோவுக்கு எதற்கு இவ்வளவு? மயக்கிப் போட்டு ஆளை முடிக்கப் பார்க்கிறாவோ என்று பயந்தேன்.

இப்போது சொல்கிறேன். மூன்று நாள் அந்த மருந்தைப் பாதிதான் தந்தனான். மீதிக்குத் தண்ணீர் கலந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்திருந்ததா?

அடுத்த முறை வந்த மிஸ், மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தா. என்னையும் பார்த்தா. பிறகு தேத்தண்ணி கேட்டா.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து மருந்துப் பையை ஒதுக்கும்போதுதான் அவ எழுதின கொப்பியைத் திறந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். இலக்கம் நன்றாகத் தெரியும். எட்டு. ஒன்பது. எட்டு. நான் பாதி தந்த கிழமையில் பத்து. பக்கத்தில் மூன்று சொல்: "மனைவிக்குச் சொல்ல வேண்டாமாம்."

என்னில் நம்பிக்கை இல்லாமலா? நான் அழுவேன் என்றா? இரண்டு என்று மெய்யாகவே சொன்ன ஒரு நாளாவது இருந்ததா?

போன கிழமை மிஸ் வந்தா.

"நிலாவெளியில ஒரு வீடு, அக்கா. அந்த மனுசி என்னை முறைச்சுக்கொண்டே நிக்கிறா. கூட வாறீங்களோ?"

"நானும் உங்களைச் சந்தேகப்பட்டனான், மிஸ்."

"தெரியும். அதாலதான் கேக்கிறன்."

போனேன். அந்த மனிதர் மனுசியைப் பார்த்துவிட்டு, "மூண்டு" என்றார். மிஸ் தேத்தண்ணி கேட்டா. அந்த மனுசியின் முகம் அண்டைக்கு இருந்த என் முகம்தான். அவள் பின்னாலே குசினிக்குப் போனேன்.

"என்ன ரகசியம் கதைக்கினம்?" என்றாள்.

"உன்ர மனிசனையே கேள். மருந்தில மட்டும் கை வைக்காத. நான் வைச்சனான்."

அவள் அடுப்பில் இருந்த கேத்திலை இறக்கி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். மிஸ் அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

இனி மிஸ் கூப்பிடுகிற வீடுகளுக்கெல்லாம் போவேன். ஒருவருக்கும் மருந்து குறைய விடமாட்டேன். உங்களில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். நான் அங்கே வந்து கேட்கும்போது, சரியான இலக்கத்தை என்னிடமே சொல்லுங்கோ. தேத்தண்ணி ஊற்ற எழும்பமாட்டேன்.

உங்கட மனுசி,
புவனம்