அம்மா நடந்த கோடு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், சேச்சி. அழகுக்காக ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.

இன்று மாலை உங்கள் ஊர் மாணவர் ஒருவர் வந்தார். பெங்களூரில் படிக்கிறாராம். அம்மா கொடுத்த சாயாவில் சர்க்கரை வேண்டாம் என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து முன்பற்களில் கடித்துக்கொண்டு, அதன் வழியே சாயாவை உறிஞ்சினார். நீங்கள் குடிப்பது போலவே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சொன்னார், டெஹ்ரானில் குண்டு விழுந்த தெருவில் உங்கள் வீடும் இருந்தது என்று. நீங்களும் உங்கள் அம்மாவும் உள்ளே இருந்தீர்கள் என்று.

ஓவியம் படிக்க இந்தியாவுக்கு வந்தீர்கள். படிப்பு முடிந்தபோது உங்கள் நாட்டில் போர். துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியில் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்து, தங்கும் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருந்தீர்கள். பள்ளி நூலகத்தில் ஓவியம் பற்றி இருந்த எல்லாவற்றையும் படித்துவிட்ட திமிரில் நான் கேட்டேன்: “நீங்கள் ஏன் மனிதர்களை வரைவதில்லை?”

உங்கள் தோழர்களைப் பற்றிச் சொன்னீர்கள். ஒருத்தி தேநீர்க் கோப்பையின் அடி ஈரம் பதித்த வட்டங்களையே படமாக வைப்பாள். இன்னொருவர் ரொட்டிக்கு வரிசையில் காத்திருந்த நாட்களைக் கறுப்புக் கட்டங்களாகத் தீட்டுவார். “முகத்தை வரைந்தால் யார் என்பது மட்டும்தான் தெரியும்” என்றீர்கள்.

பிறகு எங்கள் சமையலறை மூலையில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்க்காமல், பென்சிலைத் தூக்காமல், அம்மா போகிற இடமெல்லாம் கோட்டை இழுத்தீர்கள். ஒரு காலைப்பொழுதுக்கு ஒரு படம்.

“நான் நடக்கறதுல என்ன இருக்குன்னு இந்தப் பொண்ணு கீறிட்டே இருக்கு? கால்வலிதான் இருக்கு” என்று அம்மா சிரிப்பாள்.

உங்கள் அனுமதி முடியும் சமயத்தில் எஸ்.ஐ. விசாரிக்க வந்தார். சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கோட்டுப் படம் ஒன்றின் முன் நின்றார். நாங்கள் தமிழர் என்பதால் தமிழ் கலந்து பேசினார்.

“இது கப்பல் வர்ற வழி அல்லே? இது படகு நிக்கற ஜெட்டி. யாருக்கு அனுப்ப வரைஞ்சது?”

உங்களுக்குத் தெரிந்த கொஞ்ச மலையாளமும் அந்த நிமிடத்தில் போய்விட்டது. துறைமுகத்தை வரைந்தவள் என்று அவர் எழுதிவிட்டால், உங்களைப் போருக்கு நடுவே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“சார், அது கப்பல் இல்ல. எங்கம்மா” என்றேன்.

“நீ உள்ள போடீ” என்றார் அப்பா.

“கொள்ளாமே, நல்ல கதை! உன் அம்மைக்கு எஞ்சின் உண்டோ?” என்றார் எஸ்.ஐ. கூட வந்த போலீஸ்காரர் சிரித்தார்.

“அம்மா சாயா போடட்டும் சார். நான் இந்தக் கோட்டுல வெரல் வெக்கறேன். நீங்களே பாருங்க.”

படத்தைச் சமையலறைக்கு எடுத்துப் போனோம். பயத்தில் அம்மா வேறு மாதிரி நடந்துவிடுவாளோ என்று நினைத்தபடி கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்தேன். அம்மா குடத்துக்குப் போனாள். என் விரலும் போனது. அடுப்பு. அலமாரி. மறுபடி அடுப்பு. தம்ளர்களுக்காகப் பின்கட்டு. கோடு ஒரு இடத்திலும் விலகவில்லை. எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். பிறகு படத்தின் ஓரத்தில், கோடு சுற்றிச் சுற்றிக் கறுத்துக் கிடந்த இடத்தைத் தொட்டார்.

“இங்கே என்னத்துக்கு இத்ர சுற்று? சாயாவுக்கு இங்கே என்ன ஜோலி?”

அது ஜன்னலடி. அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற இடம். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு அக்கா போனதிலிருந்து, அவளைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

“அது நான் நிக்கற எடம் சார்” என்றாள் அம்மா.

“எதுக்கு நிக்கணும்?”

அடுப்பில் சாயா பொங்கி வழிந்தது. அம்மா அதை இறக்கவில்லை.

“எங்க மூத்தவ இடக்கொச்சி இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. பஸ் பிடிக்க இந்த வழியாத்தான் வருவா. பாத்துட்டு வருவேன். பேசறதில்ல. பாக்கறது மட்டும்.”

எஸ்.ஐ. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். “மதி, சேச்சி, போதும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சாயா குடிக்காமலே போனார். உங்கள் அனுமதி வந்தது.

மறுநாள் காலை அப்பா தானே ஜன்னலடி அரிசி டின்னைத் தள்ளி வேறு மூலைக்குக் கொண்டுபோனார். “எலி வருது” என்றார். அக்காவின் பெயரை இன்றுவரை அவர் சொன்னதில்லை.

அடுத்த வருடம் நீங்களே புறப்பட்டீர்கள். “போகாதே மோளே, எஸ்.ஐ. கிட்ட அவ்வளவு சொல்லி உன்ன இங்க வெச்சிருக்கேன்” என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். “அங்கே அம்மா தனியே” என்றீர்கள். அம்மா கையை விட்டாள்.

இப்போது யாரைப் பார்த்தாலும், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்றுதான் என் கண் போகிறது. இதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

மாணவர் போன பிறகு அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மூலையில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்க்காமல், அவளையே பார்த்துப் பென்சிலை வைத்தேன். வெகுநேரம் அம்மா அசையவில்லை. பிறகு குனிந்து பார்த்தேன். காகிதத்தில் ஒரு புள்ளி இருந்தது; பென்சில் அழுந்தி அழுந்தி அந்த இடம் ஓட்டையாகியிருந்தது.

அப்பா விளக்கை அணைத்துவிட்டார்; இந்த வரியை இருட்டில், காகிதத்தைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன்.